வீட்டுச் சண்டையும் வெளியூர் மேடையும்

அன்புள்ள ஐயா,
போன ஞாயிறு மலை மந்திரில் தரிசனம் முடித்து வெளியே நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது வாக்குவாதம் முற்றிவிட்டது. ராகுல் காந்தி வெளிநாடு போகும்போதெல்லாம் நம் ஜனநாயகத்தைக் குறை சொல்கிறார். வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசலாமா? எந்தக் கட்சியானாலும் தவறுதானே?
கே., ஆர்.கே.புரம், டெல்லி

அன்புள்ள கே.,

‘எந்தக் கட்சியானாலும்’ என்கிறீர்கள். சரி, அங்கிருந்தே தொடங்கலாம். 2015 மே மாதம் ஷாங்காயில் கூடியிருந்த இந்தியர்களிடம் பிரதமர் மோடி, முன்பு இந்தியராகப் பிறந்ததற்கு வெட்கப்பட்டீர்கள், இப்போது பெருமைப்படுகிறீர்கள் என்ற பொருளில் பேசினார். நாட்டையே அவமதித்துவிட்டார் என்று காங்கிரஸ்காரர்கள் கொதித்தார்கள். 2023 பிப்ரவரி கடைசியில் கேம்பிரிட்ஜிலும் மார்ச்சில் லண்டனிலும் ராகுல் பேசியதும் அதே வசனம் பாஜகவுக்குக் கைமாறியது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாஜகவினர், அதானி குழுமத்தின் மீதான முறைகேட்டுப் புகாரை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள். பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பாதி அமளியிலேயே போனது. உங்கள் நண்பர்களில் இரண்டு தடவையும் கோபப்பட்டவர் யாராவது உண்டா? இருந்தால் அவரோடு எனக்கும் பேச ஆசை.

ஷாங்காய்ப் பேச்சு இந்தியில். சீனர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? கேட்டது இங்கே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாம்தான். இந்தப் பேச்சுகளில் பலவற்றுக்கும் வெளிநாடு என்பது நாடக மேடையில் பின்னால் தொங்கும் படுதா மாதிரி.

நெருக்கடி நிலையின்போது பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்தின் எம்.பி.யாக இருந்த சுப்பிரமணியன் சுவாமி அமெரிக்கா போய் இந்திரா அரசை எதிர்த்துப் பேசினார். 1976 ஆகஸ்டில் மாநிலங்களவைக்குள் திடீரென்று வந்து தலைகாட்டிவிட்டு மறுபடி மாயமானார். அதை வீரம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் நம் கரோல்பாக் பெரியவர்களிலேயே இருந்தார்கள். உள்ளூரில் வாயைக் கட்டிவிட்டால் வெளியூரில்தானே பேச முடியும்.

எனக்கு உறுத்தல் வேறு இடத்தில். இங்கே ஜனநாயகம் சிதைவதை அமெரிக்காவும் ஐரோப்பாவும் கண்டுகொள்ளவில்லை என்று லண்டனில் ராகுல் ஆதங்கப்பட்டார். தீர்வு இந்தியாவுக்குள்தான் என்றும் சொன்னார், இருந்தும் முதல் வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. குறையைச் சொல்வது வேறு, பக்கத்து வீட்டுக்காரனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிற தொனி வேறு.

அடுத்த ஞாயிறு ஒன்று செய்யுங்கள். எங்கே சொன்னார் என்பதை விட்டுவிட்டு, சொன்னது உண்மையா என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மயூர் விஹாரில் நான் அப்படிக் கேட்டதும் பேச்சு சட்டென்று பில்டர் காபிக்குத் தாவிவிட்டது.

அன்புடன்