டிக்கெட் ஒரு கம்பெனியுடையது, விமானம் இன்னொரு கம்பெனியுடையது: கேள்வி பதில்

ஒரு விமான நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது சமீப காலமாக நம் ஊர்ப் பயணிகளுக்கும் அடிக்கடி நேர்கிறது. அந்த வாடகை ஒப்பந்தங்கள் தயாராகும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை என்னிடம் தந்தார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வெட் லீஸ், டாம்ப் லீஸ், டிரை லீஸ் என்கிறார்களே, பயணிக்கு இதில் என்ன வித்தியாசம் சார்? (கோவை வாசகர்)

கல்யாணத்துக்கு வேனை டிரைவரோடு எடுப்பதற்கும், வண்டியை மட்டும் வாங்கி நாமே ஓட்டிப்போவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வெட் லீஸில் விமானம், பைலட், கேபின் பணியாளர்கள், பராமரிப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாமே உரிமையாளர் பொறுப்பு. எடுப்பவர் பறக்கும் மணிக்கணக்கில் வாடகை தருவார். எரிபொருள், விமான நிலையக் கட்டணம், சாப்பாடு இவர் செலவு. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பறக்காவிட்டாலும் அந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். டாம்ப் லீஸில் பைலட்டுகள் அவர்களுடையவர்கள், கேபின் பணியாளர்கள் முழுவதுமாகவோ பாதியாகவோ எடுத்தவருடையவர்கள். டிரை லீஸில் விமானம் மட்டும் வரும். அதற்கு பெயின்ட் அடித்து, சீட் மாற்றி, சொந்த விமானம் போலவே ஓட்டுவார்கள். பயணிக்குத் தெரியவே தெரியாது.

புகார்கள் எல்லாம் முதல் இரண்டு வகையில்தான் வருகின்றன. ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுக்கும் விமானத்தில் சீட்டைக் கழற்றி மாற்ற யாரும் பணம் போடமாட்டார்கள். உரிமையாளர் போட்டு வைத்த சீட், திரை, கழிப்பறை எல்லாம் அப்படியே நமக்கு வரும்.

ஏன் திடீரென்று எல்லாரும் வாடகை விமானம் எடுக்கிறார்கள்? (திருச்சி)

பெரிய காரணம் இன்ஜின். ஏர்பஸ் ஏ320நியோ விமானங்களில் வரும் பிராட் அண்ட் விட்னி இன்ஜினில், உலோகத் தூளிலிருந்து செய்த பாகங்களில் குறை இருக்கலாம் என்று 2023 ஜூலையில் அறிவித்தார்கள். கழற்றிச் சோதிக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் இன்டிகோவில் மட்டும் ஒரு கட்டத்தில் 70க்கு மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. அதற்கு முன்பு போயிங் 787ன் ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினுக்கும் இதே கதி. புதிய விமானங்களும் சொன்ன தேதிக்கு வருவதில்லை. டிக்கெட் விற்றாகிவிட்டது, விமானம் இல்லை என்றால் வேறு வழி ஏது?

இன்டிகோவில் சென்னையிலிருந்து மும்பை வழியாக மான்செஸ்டர் போனேன். இரண்டாவது விமானம் நார்ஸ் என்ற நார்வே கம்பெனியுடையது. எனக்குக் கால் வலிக்கவில்லை, ஆனால் தோள்பட்டை இடித்துக்கொண்டே வந்தது. இது என் பிரமையா? (சென்னை வாசகி)

பிரமை இல்லை அம்மா, சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். நார்ஸ் அட்லான்டிக்கிடமிருந்து போயிங் 787-9 விமானங்களை இன்டிகோ டாம்ப் லீஸில் எடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி - பாங்காக்கில் தொடங்கி, ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் விட்டார்கள். மொத்தம் 338 சீட். 56 பிரீமியம், 282 எகானமி. எகானமியில் ஒரு சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் இடைவெளி 31 அங்குலம்; இன்டிகோவின் சொந்த ஏ320ஐவிட அதிகம். அதனால்தான் கால் தப்பித்தது. ஆனால் 787ல் ஒரு வரிசைக்கு ஒன்பது பேரை உட்கார வைக்கிறார்கள், சீட் அகலம் சுமார் 17 அங்குலம்தான். ஏ320ல் அது 18. ஒரு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பத்து மணி நேரம் பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கையோடு உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 787ல் கேபின் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படும். பழைய ரகங்களில் 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலைபாரம் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். அடுத்த முறை வசதி இருந்தால் பிரீமியம் பாருங்கள். வரிசைக்கு ஏழு சீட், 43 அங்குல இடைவெளி. படுக்கை ஆகாது, ஆனால் நன்றாகச் சாய்ந்து தூங்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு குவாண்டாஸ் பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். உள்ளே ஃபின்ஏர் விமானம். சீட்டின் முதுகு சாயவே இல்லை! பழுது என்று நினைத்துப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். (சிங்கப்பூர்)

பழுது இல்லை, அந்த சீட்டே அப்படித்தான். ஃபின்ஏர் அதை ஏர்லவுஞ்ச் என்கிறது. முதுகுப் பகுதி ஒரு வளைந்த கூடு மாதிரி நிலையாக இருக்கும், அசையாது. கால் பக்கத்துப் பலகையை உயர்த்தினால் இடைவெளி மூடி சமதளம் ஆகிவிடும். தலையணையை மூலையில் வைத்துக் குறுக்காகச் சாய்ந்துகொள்ள வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அது அருமையான சீட். நிமிர்ந்தும் உட்காராமல், முழுதாகச் சாயவும் செய்யாமல் பாதிச் சாய்வில் படம் பார்க்கிறவர்களுக்குத்தான் பிடிக்காது.

பின்கதை சுவாரஸ்யமானது. ஃபின்ஏரின் தலைமையிடமான ஹெல்சிங்கியிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்குவழி ரஷ்யா மேலே. 2022ல் அந்த வான்வெளி மூடியதும் ஃபின்ஏரின் ஆசியக் கணக்கே குலைந்தது, விமானங்கள் மிஞ்சின. குவாண்டாஸுக்கோ பெரிய விமானம் போதவில்லை. 2023 அக்டோபர் கடைசியில் சிட்னி - சிங்கப்பூரும், 2024 மார்ச்சில் சிட்னி - பாங்காக்கும் ஃபின்ஏரின் ஏ330ல், ஃபின்லாந்துப் பணியாளர்களோடு ஓட ஆரம்பித்தன. சாப்பாடு மட்டும் குவாண்டாஸுடையது.

என் கருத்து: சீட் மோசம் இல்லை. வழக்கமான சீட்டை மனதில் வைத்துப் பணம் கட்டியவருக்கு, "இது வேறு சீட், இப்படித்தான் இருக்கும்" என்று படத்தோடு ஒரு மின்னஞ்சல் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். பிசினஸ் கிளாஸுக்கு அவ்வளவு பணம் கொடுப்பவரிடம் அதைச் சொல்லாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

சூரிச்சில் இருக்கிறோம். சுவிஸ் ஏர்லைன்ஸில் ஏறினால் அடிக்கடி ஏர்பால்டிக் விமானம் வருகிறது. அண்ணா, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாமா? (சுவிட்சர்லாந்து)

வேண்டாம். லாட்விய நிறுவனமான ஏர்பால்டிக் ஓட்டுவது ஏர்பஸ் ஏ220, சுவிஸிடம் இருப்பதும் அதே ரகம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று சீட். இரண்டு பேராகப் போனால் இரட்டைச் சீட்டுப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை விமானம் சொந்த விமானத்தோடு இவ்வளவு ஒத்துப்போவது அரிது.

பாதுகாப்பு எப்படி? பேர் தெரியாத கம்பெனி பைலட் ஓட்டுகிறாரே, பயமாக இருக்கிறது. (மதுரை)

வெட் லீஸில் விமானம் உரிமையாளரின் இயக்க உரிமத்தின் கீழ்தான் பறக்கும். பைலட்டின் வேலை நேரம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் அந்த நாட்டு ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கும். எடுக்கும் நிறுவனத்தின் நாடும் தனியாக அனுமதி தர வேண்டும். இந்தியாவில் அதைத் தருவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ. அந்த அனுமதி சடங்கு இல்லை. 2025 மே மாதம் துருக்கியோடு உறவு கசந்தபோது, இன்டிகோ ஓட்டிய டர்கிஷ் ஏர்லைன்ஸின் இரண்டு போயிங் 777களுக்கு டிஜிசிஏ மூன்று மாதம் மட்டுமே நீட்டிப்பு கொடுத்தது. அது அரசியல் காரணம்தான், ஆனால் கயிறு யார் கையில் என்று புரியும். ஐரோப்பிய உரிமம் உள்ள நிறுவனம் என்றால் நான் என் குடும்பத்தைத் தயங்காமல் ஏற்றுவேன்.

கூடுதல் பணம் கட்டி எமர்ஜென்சி வழிப் பக்கத்து சீட் எடுத்தேன். கடைசி நேரத்தில் வாடகை விமானம். சாதாரண சீட் கொடுத்தார்கள். பணத்தைக் கேட்டால் "விமானம் மாறிவிட்டது" என்றே பதில். (சேலம்)

விமானம் மாறியது அவர்கள் விஷயம். நீங்கள் பணம் கொடுத்தது ஒரு குறிப்பிட்ட வசதிக்கு, அது கிடைக்கவில்லை, எனவே பணம் திரும்ப வர வேண்டும். பழைய சீட்டுக்கான ரசீது, புதிய சீட் எண் உள்ள போர்டிங் பாஸ் இரண்டையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பதில் வராவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள். சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பாவில் விமானம் ஏழு மணி நேரம் தாமதம். டிக்கெட் கொடுத்தவர் "ஓட்டியவரிடம் கேள்" என்கிறார், ஓட்டியவர் "விற்றவரிடம் கேள்" என்கிறார். (பாரிஸ்)

இதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலை 4ல் தெளிவாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஹாம்பர்க்கிலிருந்து மெக்சிகோவின் கான்குனுக்குப் போன விமானம். விற்றது டுயிஃப்ளை, வெட் லீஸில் ஓட்டியது தாம்சன். டிக்கெட்டில் "இயக்குவது தாம்சன்" என்றே அச்சிட்டிருந்தது. பயணிகள் தாம்சன் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தப் பயணத்துக்கான பொறுப்பை ஏற்றிருப்பது வாடகைக்கு எடுத்த நிறுவனம், எனவே இழப்பீட்டுக்கு தாம்சன் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். ஆகவே உங்களுக்கு டிக்கெட் விற்று, தன் பயணமாக அதை ஏற்பாடு செய்த நிறுவனத்தைப் பிடியுங்கள். ஒன்று, இது வெட் லீஸுக்குத்தான். கோட்ஷேர் டிக்கெட் (இன்னொரு நிறுவனம் தானே நடத்தும் சேவைக்கு ஒரு நிறுவனம் தன் எண்ணில் விற்பது) என்றால் கதை வேறு, அங்கே இயக்கும் நிறுவனத்திடமே போக வேண்டும்.

சைவ சாப்பாடு புக் செய்திருந்தும் ஆறிப்போன சாண்ட்விச்தான் வந்தது. (தஞ்சாவூர்)

சில சின்ன வாடகை விமானங்களில் சூடாக்கும் அடுப்பே இருக்காது. இருந்தாலும் சமையலறைத் தள்ளுவண்டி அளவில் அட்லஸ், கேஎஸ்எஸ்யூ என்று இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் பொருந்தாது. கடைசி நேரத்தில் விமானம் மாறும்போது முதலில் அடிபடுவது சிறப்புச் சாப்பாடுதான். வெட் லீஸ் என்று தெரிந்தால் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

வாடகை விமானம் என்றால் எப்போதும் வசதி குறைவுதானா? (கொழும்பு)

இல்லவே இல்லை. உங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. பாகிஸ்தானின் பிஐஏ தன் லண்டன் சேவையை உயர்த்த, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் ஏ330ஐ வெட் லீஸில் எடுத்து 2016 ஆகஸ்ட் 14ல் 'பிஐஏ பிரீமியர்' தொடங்கியது. பயணிக்கு வசதி கூடியது. வாடகைதான் பிஐஏவின் கையைச் சுட்டது, நீடிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் இன்னும் பெரிய அதிர்ஷ்டம் நார்வேஜியன் என்ற மலிவு விமான நிறுவனத்தின் பயணிகளுக்கு. 787 இன்ஜின் சிக்கலால் லண்டன் - நியூயார்க்குக்கு ஹை ஃப்ளை என்ற போர்த்துகீசிய நிறுவனத்தின் ஏ380ஐ எடுத்தார்கள். அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டிய விமானம், சீட் எல்லாம் பழையபடியே. மலிவு டிக்கெட் வாங்கியவர்கள் அந்த சீட்டில் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள்.

முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? (பல பேர்)

புக் செய்யும்போது விமான எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் "இயக்குவது" என்ற வரி இருக்கும், அதைப் படியுங்கள். சீட் வரைபடம் அந்த நிறுவனத்தின் வழக்கமான அமைப்பிலிருந்து மாறுபட்டால் சந்தேகப்படுங்கள். விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் இதே எண்ணில் கடந்த வாரம் எந்த விமானம் பறந்தது என்று பாருங்கள். பதிவெண் விடி (VT) என்று தொடங்கினால் இந்தியா, எல்என் (LN) நார்வே, ஓஎச் (OH) ஃபின்லாந்து, ஒய்எல் (YL) லாட்வியா, எல்ஒய் (LY) லிதுவேனியா, 9எச் (9H) மால்டா. இந்திய நிறுவனத்தின் எண்ணில் விடி இல்லாத விமானம் பறந்தால் பெரும்பாலும் வாடகைதான்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், வீல்சேர் வேண்டும். வாடகை விமானத்தில் தனியாக அனுப்பலாமா? (காரைக்குடி)

டாம்ப் லீஸ் என்றால் நம் நாட்டுப் பணியாளர்கள் இருக்க வாய்ப்பு உண்டு, இந்தி மொழியாவது பேசுவார்கள். முழு வெட் லீஸில் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும்தான். வீல்சேர் தேவையை டிக்கெட்டிலேயே பதிந்து, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். விமானம் மாறும்போது இந்தக் குறிப்பு விடுபட்டுப்போகலாம். மருந்து நேரம், சர்க்கரை இருந்தால் அது, உங்கள் போன் எண் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்து, ஏறியதும் பணியாளரிடம் காட்டச் சொல்லுங்கள். நடைபாதை ஓர சீட்டாக, கழிப்பறைக்கு நாலைந்து வரிசைக்குள் எடுங்கள்.