உம்மாவுக்கு ஒரு மாலை

கேள்வி: நான் திருகோணமலை நகரில் அரச அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். உம்மா கிண்ணியாவில் தனியாக இருக்கிறார். வேலையிலும் பிள்ளைகளின் டியூஷனிலும் நாட்கள் ஓடிவிடுவதால் மாதம் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்க முடிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை படகுப் பாதைக்குக் காத்திருந்து கடந்த நீரை இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்பதால், உங்களுக்குத் தூரம் தடையல்ல. ஓய்வு கிடைக்கும்போது போகலாம் என்று தள்ளிப்போடுவதே தடை. பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அப்படியோர் ஓய்வு தானாக வராது. ஆகவே கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அலுவலகம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே கிண்ணியாவுக்குப் புறப்படுங்கள். அந்த நாளை உம்மாவிடமும் சொல்லிவையுங்கள். மகன் வரும் நாள் இதுவென்று தெரிந்தால், காலையிலேயே நல்ல மீனாகப் பார்த்து வாங்கிவைப்பதில் அவருக்கு ஓர் உற்சாகம் பிறக்கும்.

போன இடத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மருந்து குடித்தீர்களா என்று வாசலில் நின்று விசாரித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கைபேசியை எடுத்து வைத்துவிட்டு, அவர் தேங்காய் துருவும்போது பக்கத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக் கொடுங்கள். தொலைபேசியில் ஒருபோதும் சொல்லாத முழங்கால் வலியும், அயல்வீட்டுக் கதையும், உங்கள் வாப்பாவின் நினைவும் அப்போது தாமாகவே வெளிவரும். பிள்ளைகளில் ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள், ஒரு மாலை டியூஷன் தவறினால் குடிமுழுகிவிடாது. போக முடியாத கிழமையில் மதியத்துக்கு முன்பே அறிவித்து, மாற்று நாளையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.