மெய்நிகர் தோட்டத்திற்கு இரட்டைக்கண் காட்சி: கேமராவைத் திருப்ப வேண்டாம்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்கள் இளைஞர் குழு, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில் சகிதம் ஓப்பன்சிமுலேட்டர் என்ற மெய்நிகர் உலக மென்பொருளில் உருவாக்கியுள்ளது. சிவப்பு-சயான் (நீலப்பச்சை) கண்ணாடி அணிந்து முப்பரிமாணமாகப் பார்ப்பதற்காக, அவ்வுலகைத் திரையில் காட்டும் வியூவரின் மூலநிரலில் இரண்டு கேமராக்களைச் சேர்த்து, சற்று உள்நோக்கித் திருப்பினோம். மடிக்கணினியில் நன்றாகவே இருந்தது. மண்டபத்தில் புரொஜெக்டரில் பார்த்தவர்களுக்கோ கண் வலிக்கிறது. அவதார்களின் (பயனர்களின் மெய்நிகர் உருவங்களின்) பெயர்களும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

பதில்: கேமராக்களைத் திருப்பியதே முதற் கோளாறு. அவ்வாறு செய்தால் இரு படங்களும் எதிரெதிராகக் கோணி, திரையோரத்தில் நிற்கும் ஒரே மரம் ஒரு கண்ணுக்கு உயர்ந்தும் மறு கண்ணுக்குத் தாழ்ந்தும் விழும். பக்கவாட்டில் குவியப் பழகிய கண்கள் இந்த மேல்-கீழ் வேறுபாட்டைச் சகிப்பதில்லை. கேமராக்களை இணையாகவே நிறுத்தி, ஒவ்வொன்றின் பார்வைப் பரப்பை (அது படம்பிடிக்கும் வெளியை) மட்டும் உட்புறமாக நகர்த்துங்கள். நகர்த்த வேண்டிய அளவு, கண் இடைவெளியில் (இரு கேமராக்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்) பாதியை அண்மை வெட்டுத்தளத்தின் (கேமரா வரையத் தொடங்கும் மிக அருகிலுள்ள தளத்தின்) தூரத்தால் பெருக்கி, திரைத்தளத்தின் (திரையிலேயே இருப்பதாகத் தோன்ற வேண்டிய தளத்தின்) தூரத்தால் வகுத்தால் வரும். இடைவெளி 0.065 மீட்டர், அண்மைத்தளம் 0.1 மீட்டர், திரைத்தளம் 2 மீட்டர் எனில் விடை ஏறத்தாழ 0.0016 மீட்டர். இடக்கண் கேமராவுக்கு இது வலப்பக்கம், வலக்கண்ணுக்கு இடப்பக்கம்.

மடிக்கணினியில் நன்றாக இருந்தது மண்டபத்தில் ஏன் கெட்டது என்பதே உங்கள் கேள்வியின் உயிர்நாடி. ரப்பர் நிரையின் கடைசி மரம் இரு படங்களிலும் 120 பிக்சல் விலகி நிற்பதாகக் கொள்வோம். 1920 பிக்சல் கொண்ட, சுமார் 34 சென்டிமீட்டர் அகல மடிக்கணினித் திரையில் அது 2 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதே படம் 2 மீட்டர் அகலத் திரையில் விழுந்தால் விலகல் 12.5 சென்டிமீட்டர், பெரியவர்களின் கண் இடைவெளியோ சராசரியாக 6.3 சென்டிமீட்டர்தான் என்பதால், பார்ப்பவரின் கண்கள் வெளிநோக்கி விரிய வேண்டியிருக்கும், அது இயலாது. சிறுவர்களுக்கு இடைவெளி இன்னும் குறைவு. அந்த மண்டபத்திற்கு விலகல் 45 பிக்சலைத் தாண்ட வேண்டாம் என்பேன். இதற்காகக் கேமராக்களின் கண் இடைவெளியை நிரலில் நிலையாக எழுதிவிடாமல், திரைக்கேற்ப மாற்றும் அமைப்பாக வையுங்கள்.

பெயர்கள் இரண்டாகத் தெரிவது, அவற்றின் திரை இடம் ஒரே கேமராவை வைத்து ஒருமுறை மட்டும் கணிக்கப்படுவதால்தான். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே கணித்து, அவதாரின் ஆழத்திலேயே வரையுங்கள். எந்தப் பொருளை வரைவது, எதை விடுவது என்ற தேர்வையும் இரு பார்வைப் பரப்புகளையும் உள்ளடக்கிய பொதுப் பரப்பைக் கொண்டு செய்யாவிட்டால், ஓரத்து மரங்கள் ஒரு கண்ணுக்கு மட்டும் மறையும். வலையமைப்புத் தகவல், அசைவு, நிழல் வரைபடம் ஆகியவற்றை இரு கண்களுக்கும் சேர்த்து ஒருமுறை கணித்தால் போதும். நீரின் பிரதிபலிப்பு மட்டும் கண்ணுக்குக் கண் மாறும்.

இடக்கண்ணுக்குச் சிவப்பும் வலக்கண்ணுக்குச் சயானுமாக அமைந்த கண்ணாடியில் அம்மனின் சிவப்புப் பட்டு இடக்கண்ணுக்குப் பளிச்சென்றும் வலக்கண்ணுக்குக் கறுப்பாகவும் பட்டு உறுத்தும். இடப்படத்தைச் சாம்பல் நிறமாக்கிய பின் சிவப்பு வழியில் அனுப்பினால் உறுத்தல் குறையும், பட்டின் செம்மையும் ஓரளவு மங்கும். பின்னாளில் இரு புரொஜெக்டர்களோடு போலராய்டு (முனைவாக்கிய ஒளியால் இரு படங்களையும் பிரிக்கும்) கண்ணாடிக்கு மாறுவதானால் வெள்ளிப் பூச்சுள்ள திரை கட்டாயம். மண்டபத்தின் வெள்ளைச் சுவரே போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம், சுண்ணாம்புச் சுவர் ஒளியின் முனைவாக்கத்தை (அலைகள் ஒரே திசையில் அதிரும் ஒழுங்கை) கலைத்துவிடும்.