பியானோ கேட்டதும் கண் கலங்குகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 54 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் லீவுக்கு வந்த மகள் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' என்ற கொரிய நாடகத்தைப் போட்டுக் காட்டினாள். அடுத்து நானே தேடி 'காப்ளின்' பார்த்தேன். இப்போது நாடகம் பார்ப்பதைவிட அதில் வரும் பாட்டுகளைக் கேட்பதுதான் அதிகம். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்தப் பியானோ ஆரம்பித்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு மணி ஒன்று, இரண்டு ஆகிவிடுகிறது. ரிட்டயர் ஆன என் கணவர், "சீனாக்காரன் பாட்டைக் கேட்டு அழற ஒரே பொம்பளை இவதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். இளையராஜா பாட்டில் வளர்ந்தவள் நான். அதைப் போட்டே மாதக்கணக்கு ஆகிறது என்பதும் உறுத்துகிறது. எனக்கு ஏதாவது கோளாறா? ரிங்டோனாக வைத்துக்கொள்ளலாமா? இனி எதைக் கேட்பது?

– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: அன்புள்ள காரைக்குடி சகோதரிக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. அது சீனா இல்லை, கொரியா என்று மட்டும் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அழுகையில் பாட்டின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் உட்கார்ந்து பார்த்த அந்தப் பதினாறு எபிசோடு. கொரிய நாடகம் பெரும்பாலும் 16 எபிசோடில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் இரண்டே மாதம். ஆயிரம் எபிசோடு இழுக்கிற கட்டாயம் இல்லாததால், எந்த மெட்டு எங்கே வரவேண்டும், எவ்வளவு நேரம் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு வைக்க முடிகிறது. முதல் எபிசோடுகளில் மெட்டு மட்டும் வசனத்துக்கு அடியில் அரை நிமிடம் ஓடும். நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். பிறகு இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கும்போது கொஞ்சம். அப்புறம் ஒருநாள், எபிசோடு முடிகிற கடைசி இரண்டு நிமிடத்தில், வசனமெல்லாம் அடங்கிக் குரலோடு முழுப் பாட்டு. அதோடு 'அடுத்த வாரம்' என்று நிறுத்திவிடுவார்கள். பத்தாவது எபிசோடு வரும்போது முதல் நாலு ஸ்வரமே போதும், நெஞ்சு தானாக அடைக்கும். நீங்கள் பழகிப்போனதல்ல, உங்களைப் பழக்கியிருக்கிறார்கள். அதுவும் தெரிந்தே.

வெளியிடுகிற விதத்திலும் இந்தக் கணக்கு உண்டு. நம் சினிமாப் பாட்டு படத்துக்கு முன்பே வந்து, படம் வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிடும். அங்கே 'ஓ.எஸ்.டி.' என்று சொல்லப்படும் இந்தப் பாட்டுகள், நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ட் 1, பார்ட் 2 என்று வாராவாரம் ஒவ்வொன்றாக வரும். உங்கள் 'காப்ளின்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சான்யோலும் பஞ்ச்சும் பாடிய 'ஸ்டே வித் மீ' 2016 டிசம்பரில், நாடகம் தொடங்கியவுடன் வந்தது. முதல் பனியாக உன்னிடம் வருவேன் என்று ஐலி பாடுகிறாரே, அது 2017 ஜனவரியில், கதை முடியப்போகிற நேரத்தில்தான் வந்தது. பார்க்கிறவர்களின் மனசு எந்த வாரத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் வெளியிடுகிறார்கள்.

'கிராஷ் லேண்டிங்' பியானோவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) வட கொரிய ராணுவ அதிகாரியாக வரும் ஹ்யுன் பின் ஒருகாலத்தில் சுவிட்சர்லாந்தில் பியானோ படித்தவர். அண்ணனுக்காக ஒரு மெட்டு அமைத்து, ஏரிக்கரைப் படகுத்துறையில் பியானோ வைத்து வாசிக்கிறார். தென் கொரியப் பணக்கார வீட்டுப் பெண்ணாக வரும் சோன் யே-ஜின், வாழ்க்கையே வேண்டாம் என்று நினைத்திருந்த நாளில், தூரத்துப் படகிலிருந்து அதைக் கேட்கிறார். வாசித்தது யாரென்று அவருக்குத் தெரியாது; கேட்டது யாரென்று இவருக்கும் தெரியாது. அதாவது அந்த மெட்டு பின்னணியில் ஓடுகிற அலங்காரம் கிடையாது. கதையின் முடிச்சே அதுதான். அதை எடுத்துவிட்டால் இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் விதிக்கப்பட்டவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. படம் பிடித்த அந்தத் துறை, பிரியன்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்ற குட்டி கிராமத்தில் இருக்கிறது. கூட்டம் தாங்காமல் 2023-ல் அங்கே சுழல் கதவு போட்டு, துறைக்குள் போக ஐந்து பிராங்க் வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்களைப்போல் அழுதவர்கள் உலகம் முழுக்க எவ்வளவு பேர் என்று அந்தக் கதவைக் கேட்டால் சொல்லும். 'ஒரே பொம்பளை' என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நம் படத்தில் கதாநாயகன் வாயசைத்தால் பாட்டு அவனுடையது. மலையுச்சியில் நின்று அவனே தன் காதலைச் சொல்லிவிடுவான். கொரிய நாடகத்தில் பாடுகிறவர் திரையில் பெரும்பாலும் இருக்கவே மாட்டார். அந்த ஊர்க் கதாபாத்திரங்கள் சட்டென்று மனசைத் திறக்காத ஆட்கள். எட்டாவது எபிசோடுவரை கையைக்கூடப் பிடிக்காமல் நடந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விழுங்கியதை யாரோ முகம் தெரியாத ஒருவர் பின்னாலிருந்து பாடுகிறார். வார்த்தை புரியாமலேயே உங்களுக்குப் புரிவது அதனால்தான். சொல்லவேண்டியதை முகம் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு வருகிறது.

உங்கள் கடிதத்தில் நீங்களே அறியாத ஒரு சங்கதி இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு நாடகங்களுக்கும் இசை இயக்குநர் ஒருவரே: 'நாம் ஹ்யே-சங்' என்ற பெண்மணி. நம் ஊரில் பாட்டை இசையமைப்பாளர் பெயரால் சொல்வோம். அங்கே பாட்டு பாடகர் பெயரில்தான் ஊரெல்லாம் சுற்றும். இசை இயக்குநர் பல மெட்டமைப்பாளர்களையும் பாடகர்களையும் கூட்டிச் சேர்த்து மொத்த நாடகத்துக்கும் ஒரு நிறம் கொடுக்கிறவர். அதனால் வெளியில் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உங்கள் காது அவரைக் கண்டுபிடித்துவிட்டது. ராஜாவின் பின்னணி இசையை வைத்தே 'மௌன ராக'த்தில் எந்தக் காட்சி என்று சொல்கிற தலைமுறைக் காது அல்லவா. அந்தப் பெண்மணியின் இசையைத் தொடர விரும்பினால் 'மிஸ்டர் சன்ஷைன்' (2018), 'இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகே' (2020) இரண்டும் இருக்கின்றன. ராஜாவை விட்டுவிட்டோமே என்ற உறுத்தலெல்லாம் தேவையில்லை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராத்திரி இரண்டு மணி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி இல்லை. காலையில் பணம் எண்ணுகிற வேலை. தூக்கம் கெட்டால் கணக்கு உதைக்கும். அதைவிட, ஒரே பாட்டை லூப்பில் ஓடவிட்டால் மூன்று வாரத்தில் அது சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும். கண்ணெதிரே இருக்கும், பார்க்கமாட்டீர்கள். ஒற்றைப் பாட்டை விட்டு முழு ஆல்பத்தைப் போடுங்கள். நாடகம் முடிந்ததும் வரும் முழுத் தொகுப்பில் பாடல்களோடு, குரல் இல்லாத பின்னணித் துண்டுகளும் வரிசையாக இருக்கும். சமையலறையில் நடந்த சிரிப்புக் காட்சிக்கு வந்த மெட்டும் அழவைத்த மெட்டும் ஒன்றேதான், வேகமும் வாத்தியமும்தான் வேறு என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். ஒருமுறை கேட்டு முடிந்ததும் படுத்துவிடுங்கள்.

ரிங்டோன் வேண்டவே வேண்டாம். நாடகக்காரர்கள் எட்டு வாரம் பாடுபட்டு ஏற்றிய உணர்ச்சியை, லோன் வேண்டுமா என்று கேட்கும் நாலு போன்கால் ஒரே வாரத்தில் இறக்கிவிடும். பியானோ கேட்டதும் எரிச்சல் வர ஆரம்பித்தால் என்னிடம் வராதீர்கள்.

எல்லாமே தேவகானம் என்றும் சொல்லமாட்டேன். இந்தப் பாட்டுகளில் நிறைய ஒரே அச்சு. தனிப் பியானோவில் மெல்லத் தொடங்கும், இரண்டாம் சுற்றில் வயலின் கூட்டம் வந்து சேரும், கடைசியில் சுருதியை ஏற்றி உச்சத்தில் ஒரு இழுப்பு. 'பல்லட்' என்று அவர்களே இதற்கு ஒரு வகை வைத்திருக்கிறார்கள். பெக் ஜி-யங், லின், கம்மி போன்றவர்கள் பாடினால் அந்த அச்சும் உயிரோடு இருக்கும். மற்றவர்கள் பாடினால் கல்யாண வீடியோ மாதிரி இருக்கும். உங்கள் காதல் பாட்டின் மேலா, கதையின் மேலா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: பார்க்காத நாடகத்தின் பாட்டைக் கேளுங்கள். 'மை மிஸ்டர்' (2018) நாடகத்தில் சொன்டியா என்பவர் பாடிய பாட்டிலிருந்து தொடங்கலாம். கொரிய மொழியில் அதன் தலைப்புக்கு 'பெரியவர்' என்று பொருள், அதாவது வயது வந்தவர். காதலைப் பற்றியதே அல்ல. வேலைக்குப் போய் அலுத்து வீட்டுக்கு வருகிறவர்களின் களைப்பு அதில் இருக்கிறது. வங்கியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் உங்களுக்கு வந்திருப்பது இசைக்காதல்தான். நாடகம் அதற்கு வெறும் வாசல். பிடிக்கவில்லை என்றாலும் குற்றமில்லை, கதையோடு சேர்த்துப் பாட்டை நேசிப்பதும் நேசிப்புதானே.

அடுத்து 'ரிப்ளை 1988'. இது 2015-ல் வந்த நாடகம். புதிதாக மெட்டுப் போடாமல் பழைய பாட்டுகளைத் தேடியெடுத்து இன்றைய குரல்களில் பாடவைத்தார்கள். லீ மூன்-சே 1985-ல் பாடிய 'சோன்யோ'வை ஓ ஹ்யுக் பாடினார். முதலில் புதியதைக் கேளுங்கள், பிறகு பழையதை. எனக்குப் பழையதுதான் ஒரு படி மேல். இன்னும் பின்னால் போக ஆசையிருந்தால் 'டே ஜாங் கம்' (2003) நாடகத்தின் 'ஓநாரா'. பான்சோரி என்ற மரபுப் பாட்டு பயின்ற சிறுமிகள் பாடியது. பியானோவும் கண்ணீரும் இல்லாத கொரியா அங்கே இருக்கிறது.

இனி உங்கள் கணவர். 'புரியாத பாட்டு' என்பதுதானே அவர் வழக்கு? 1980-ல் 'குர்பானி' வந்தபோது அவர் பள்ளிக்கூடமோ கல்லூரியோ படித்துக்கொண்டிருந்திருப்பார். இந்தி ஒரு அட்சரம் தெரியாமல் 'ஆப் ஜைசா கோயி'யை டீக்கடை ரேடியோவில் கேட்டு மயங்கிய தலைமுறை அது. அவர் என்ன இந்திப் பாட்டு முணுமுணுப்பார் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அடுத்த தடவை விருந்தாளிகள் முன்னால் உங்களைக் கேலி செய்யும்போது, அதற்கு அர்த்தம் கேளுங்கள். சண்டை போடவேண்டாம், கேட்டால் போதும்.

ஆனால் அவருடைய கேலியில் ஒரு சின்ன மனக்குறை இருக்கலாம். ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிற மனுஷன். நீங்கள் வேலை முடிந்து வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு விடுகிறீர்கள். வாரத்தில் ஓரிரு நாள் ஸ்பீக்கரில் போடுங்கள். காதல் நாடகம் அவருக்கு வேண்டாம். 'ஹாஸ்பிட்டல் ப்ளேலிஸ்ட்' (2020) காட்டலாம். ஒன்றாகப் படித்த ஐந்து டாக்டர்கள், நாற்பது வயதில், ஓய்வு நேரத்தில் வீட்டின் கீழ்த்தளத்தில் பேண்ட் வைத்துப் பழைய பாட்டுகளை வாசிக்கிறார்கள். நடிகர்கள் கிடாரும் டிரம்ஸும் கற்றுத் தாங்களே வாசித்தார்கள். ஒருவர் சுருதி விலகிப் பாடுவார், மற்ற நாலு பேரும் பொறுத்துக்கொள்வார்கள். அதில் ஜோ ஜங்-சுக் பாடிய 'அலோஹா', 2001-ல் 'கூல்' என்ற குழு பாடிய பாட்டு. அழவைக்காது, கால் தாளம் போடும். டீ நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

மொழி படிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இன்கோ சென்டர் கொரிய வகுப்பு நடத்துகிறது. கிங் செஜோங் இன்ஸ்டிட்யூட் இணையத்திலும் பாடம் வைத்திருக்கிறது. மொழி கடினம்தான், எழுத்து சுலபம். செஜோங் மன்னர் 1443-ல் உருவாக்கிய எழுத்து. இன்று அடிப்படை எழுத்துகள் 24. உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாகும் முறை தமிழ் படித்தவருக்குப் புதிதாகத் தோன்றாது. நிதானமாகப் படித்தாலும் இரண்டொரு வாரத்தில் பாட்டின் பெயரைக் கூட்டி வாசித்துவிடலாம். அது வந்துவிட்டால், யூடியூபில் ஆங்கில எழுத்தில் தேடுவதை நிறுத்திக் கொரிய எழுத்திலேயே பாடகர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நாடகக் காட்சிகளை ஒட்டிச் சேர்த்த வீடியோக்கள் பின்னால் போய், அவர்கள் மேடையில் நேரடியாகப் பாடிய பதிவுகள் முன்னால் வரும். கம்மி பாடுவதை அப்படித்தான் கேட்கவேண்டும்.