கணினி துவங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட் லோடரில், ஏ20-ஐ (1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்தைச் சரியாக அணுகத் திறக்க வேண்டிய முகவரிக் கம்பி) திறக்கும் பகுதியை மூன்று வரியாகச் சுருக்கும் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், வந்திருக்கிறது. ஒப்புதல் கொடுக்கலாமா?

கணினியைப் போல நடிக்கும் கியூஎமு மென்பொருளில் ஓடிவிட்டது என்பது மட்டுமே ஆதாரமாக இருக்கும். அனுப்பியவர் கெட்டிக்காரராகவும் இருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது.

எங்களுடையது பழைய ஆலைக் கணினிகளில், பயாஸ் என்ற பழைய துவக்க நிரல் வழியே துவங்கும் அமைப்பு. கீபோர்டு கன்ட்ரோலருக்காகக் காத்திருந்து ஏ20-ஐத் திறக்கும் நீண்ட பகுதியை நீக்கிவிட்டு, 'பதினறும 92 போர்ட்டைப் படி, பிட் 1-ஐ 1 ஆக்கு, திரும்ப எழுது' என்று முடித்திருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் போர்ட்டில் பிட் 0 ரீசெட்டுக்கானது. படித்த மதிப்பில் அது 1 ஆக இருந்து, அப்படியே எழுதினால் கதை முடிந்தது.

"சார், இந்தக் காலத்தில் யாரிடம் அந்தக் கணினி இருக்கிறது?" என்றார். நான் வாதாடவில்லை. அலமாரியிலிருந்த பழைய போர்டை எடுத்து, அவருடைய பேட்சைப் போட்டு மின்சாரம் கொடுத்தேன். பயாஸ் நினைவகத்தை எண்ணி முடித்தது, கர்சர் மினுக்கியது, திரை கறுத்தது, மறுபடி எண்ணத் தொடங்கியது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதை, பிட் 0-ஐ 0 ஆக்கும் ஒரு ஆண்ட் (AND) கட்டளையால் சரிசெய்யலாம். ஏ20 திறந்ததா என்று சோதிக்கும் வரிகளையும் அவர் நீக்கியிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திறக்காவிட்டால் 1 எம்பியில் ஏற்றும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), முகவரி 0-வில் போய் விழும். முதல் ஐபிஎம் பிசியின் 8088 செயலியில் முகவரி 1 எம்பியைத் தாண்டினால் 0-வுக்குத் திரும்பிவிடும். அதை நம்பிய நிரல்களுக்காக 1984-இல் பிசி ஏடியில் ஐபிஎம் வைத்த பூட்டு இது. லினக்ஸ் கர்னல் முதலில் சோதிக்கிறது, பிறகு பயாஸ் வழியே திறக்கப் பார்க்கிறது, அடுத்து கீபோர்டு கன்ட்ரோலர், கடைசியாகத்தான் 92 போர்ட். ஒவ்வொன்றுக்கும் பின் மீண்டும் சோதனை.

பழமைவாதி என்று திட்ட வருபவர்களுக்கு: உங்களுடையது பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ வழியே மட்டும் துவங்குமானால் அந்த மூன்று வரிகூட வேண்டாம், முழுவதையும் நீக்குங்கள். பயாஸ் என்றால், சோதனை வரிகள் திரும்ப வரும்வரை ஒப்புதல் கிடையாது என்று எழுதுங்கள்.

அந்த போர்டை இப்போது காட்டவும் முடியாது. அலமாரி இடத்தை அடைக்கிறது என்று நிர்வாகம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டது. அங்கே இப்போது பிறந்தநாள் கேக் வெட்டும் மேசை நிற்கிறது. வரியைக் குறைத்தவருக்குக் கைதட்டல், நிறுத்தி வைத்தவருக்கு 'தாமதம்' என்று அறிக்கையில் சிவப்புக் கட்டம்!