வாசகர் கேள்விகள்: பாசிக்கோடும் வண்ணக்கோடும்

கேள்வி: நான் ஓவியம் வரைபவள், அறிவியல் படித்ததில்லை. காலநிலை மாற்றம் குறித்து விஞ்ஞானிகள் எழுதும் அறிக்கைகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பதைத் தவிர என் போன்றோருக்கு வேறு பணி உண்டா?

பதில்: உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரைத் தீட்டிய கனலெட்டோ, கால்வாயோரக் கட்டடங்களின் சுவரில் பாசி படிந்திருந்த உயரத்தைக்கூட விடாமல் வரைந்து வைத்தார். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், இத்தாலிய அறிவியலாளர் தாரியோ கமுஃபோவும் அவருடைய குழுவினரும் அந்தப் பாசிக்கோட்டை அதே சுவர்களில் இப்போதுள்ள கோட்டுடன் ஒப்பிட்டு, நிலம் அமிழ்ந்ததாலும் கடல் உயர்ந்ததாலும் அங்கே நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணித்தார்கள். கடல்மட்டத்தை அளக்கும் கருவிகள் அந்நகரில் வருவதற்கு முந்தைய காலத்துக்கு அந்த ஓவியங்களே சான்றாயின. கண்டதைக் கண்டபடி பதிவு செய்யும் உங்கள் கை, நீங்கள் நினைப்பதைவிட அறிவியலுக்கு நெருக்கமானது.

இணைந்து செய்த பணிக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2015இல் பாரிஸில் காலநிலை மாநாடு நடந்தபோது, கலைஞர் ஒலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்தின் பனிப்படலத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்த 12 பனிப்பாளங்களைக் கொண்டுவந்து பொதுச் சதுக்கத்தில் உருக விட்டார்கள். பனியைச் சுமந்து வரவும் எரிபொருள் எரிந்திருக்குமே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கரியமில வாயுக் கணக்கையும் அவர்கள் வெளியிட்டார்கள் என்பதே எனக்குப் பிடித்த செய்தி.

ஆகவே, முடிந்துபோன வரைபடத்தைக் கேட்டு வாங்காமல், அளவீடு நடக்கும் இடத்துக்கே உடன் சென்று, ஆய்வாளருக்கே இன்னும் தெளியாதது எது என்று கேளுங்கள். ஓவியம் அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: மக்கள் மனத்தில் தைக்க வேண்டும் என்பதற்காகத் தரவுகளைச் சற்று மிகைப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். மிகைப்படுத்தாமலேயே நிறம் நிறையப் பேசிவிடும். பிரிட்டன் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் ஆண்டுக்கு ஒரு கோடாக, நீலத்திலிருந்து சிவப்பு வரை அடுக்கிய வெப்பக்கோடுகளில் எண்ணே கிடையாது; ஆயினும் பூமி சூடாகி வருவது ஒரு பார்வையில் புரிகிறது. ஆனால் நீலம் எங்கே முடிந்து சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பது, எந்த ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தச் சராசரியை மாற்றினால் ஒரே தரவு வேறு நிறம் காட்டும். எதைத் தேர்ந்தீர்கள் என்பதை ஓவியத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.