சர்வர் முதலில், விண்டோஸ் 11 அப்புறம்

கேள்வி: சார், எம்.சி. ரோட்டில் எங்களுக்கு ஜவுளிக் கடை. பில் போடவும் பர்ச்சேஸ் என்ட்ரிக்கும் சேர்த்து ஆறு கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ் 10. மாடிப்படிக்குக் கீழே பழைய சர்வர் ஒன்று, விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் போட்ட கணக்கு முழுக்க அதில்தான். புது சர்வர் வாங்கியாகிவிட்டது. ராத்திரி கடை மூடியதும் ஆரம்பித்து, விடிவதற்குள் சர்வரையும் மாற்றி ஆறிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாக சர்வீஸ் தம்பி சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இரண்டுமே செய்ய வேண்டிய வேலைதான். ஒரே ராத்திரியில் வேண்டாம். காலையில் ஷட்டரைத் தூக்குகிறீர்கள், மூன்றாவது கவுன்டரில் பில் வரவில்லை. கோளாறு சர்வரிலா, விண்டோஸ் 11இலா, பிரின்டரிலா? எல்லாமே ஒன்றாக மாறியிருந்தால் தம்பி எங்கே போய்த் தேடுவார்? வாசலில் கட்டைப் பையோடு நிற்கும் கூட்டம் காத்திருக்காது.

முதலில் சர்வர். 2012 ஆர்2க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்றே முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. ஆனால் நான் சர்வரை முன்னால் வைப்பதற்குக் காரணம் தேதி இல்லை, எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் ஷேர் ஃபோல்டர். நம் பக்கத்துக் கடைகளில் பார்க்கிறேனே, பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி டாலி ஃபோல்டரைப் போட்டு வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து அப்படிப்பட்ட ஃபோல்டருக்குள் போக அது தானாகவே மறுத்துவிடும். உடனே ஒரு செட்டிங்கைத் தளர்த்தி 'சரி பண்ணிட்டேன்' என்பார்கள். விடாதீர்கள். புது சர்வரில் ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி யூசர், தனி பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள். இப்போதுள்ள விண்டோஸ் 10 அதிலும் ஒழுங்காக வேலை செய்யும். அப்புறம் கம்ப்யூட்டர்களை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக மாற்றலாம்.

நாள் பார்ப்பது முக்கியம். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர் என்றால் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரிக் கணக்கு). இரண்டையும் முடித்துவிட்டு 20க்கு மேல் வையுங்கள். ஆடி, தீபாவளி, பொங்கல் வியாபார நாட்கள் பக்கமே போகாதீர்கள்.

டாலியில் எல்லாரும் வெளியே வந்தபின் பேக்கப் எடுத்துப் புது சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள். டாலி லைசென்ஸைப் பழைய சர்வரில் சரண்டர் செய்துவிட்டுத்தான் (அதாவது திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான்) புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டுப் பழையதை ஃபார்மட் அடித்தால் காலையில் போனும் கையுமாக நிற்க வேண்டியதுதான். கடைசி பில் நம்பர், ரொக்க இருப்பு, நான்கைந்து சரக்கின் ஸ்டாக் – இவற்றை இரண்டு பக்கமும் திறந்து நீங்களே ஒப்பிடுங்கள். தம்பியிடம் விடாதீர்கள், கணக்கு உங்களுடையது.

எல்லாம் சரி என்றதும் பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். ஏதோ ஒரு கவுன்டரின் டெஸ்க்டாப்பில் பழைய ஷார்ட்கட் இருக்கும். கேபிளைக் கழற்றாவிட்டால் அதன் வழியாக மதியம் வரை போட்ட பில் எல்லாம் பழையதிலேயே ஏறியிருக்கும். ஆனால் அந்த ஹார்டு டிஸ்க்கைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒரு வாரம் நிம்மதியாக ஓடட்டும். பிறகு விண்டோஸ் 11ஐ உள்ளே பர்ச்சேஸ் என்ட்ரி போடும் கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரையும் பார்கோடு பிரின்டரையும் அதில் மாட்டி அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள பழைய பிரின்டர் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று: மாடிப்படிக்குக் கீழே புது சர்வரா? ஐப்பசி மழையில் நம் ஏரியாத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாடிக்கு ஏற்றுங்கள்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 போட்டே தருகிறார்கள். கடைக்கு வாங்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: பிராசஸர் நம்பரைப் பாருங்கள். இன்டெல் ஐ5-4570 என்றிருந்தால் நான்காம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டாவது. இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் இருந்தால்தான் முறைப்படி விண்டோஸ் 11க்குத் தகுதி. குறுக்கு வழியில் ஏற்றியதும் ஓடும்தான். ஆனால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. வீட்டில் பிள்ளைகள் படிக்க என்றால் உங்கள் இஷ்டம். கடைக்கு என்றால் பிராசஸர் நம்பரை பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.